முகமாலையில் இரண்டு எல்லைகள்

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு, கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அம்மம்மாவைப் பார்க்கப் போவதென்றால் முகமாலையில் இறங்கவேண்டும். இந்தப் பக்கம் புலிகள் இயக்கத்தின் சோதனை, பாஸ், பொதிகளுக்கு வரி. அந்தப் பக்கம் ஆமியின் சோதனை. நடுவில் ஒருவருக்கும் சொந்தமில்லாத வெளி. இருமருங்கிலும் தலையில்லாத பனைகள். ரோட்டை விட்டு இறங்கிவிடுவேனோ என்று அம்மா கையை இறுக்கிப் பிடித்திருப்பார். என் நாடு எது என்பதில் அப்போது எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அது நாங்கள் பஸ் ஏறிவந்த பக்கம் இருந்தது.

2006 ஆகஸ்ட் 11இல் பாதை பூட்டப்பட்டது. மூன்று வருடத்துக்குள் அந்த நாடும் இல்லாமல் போனது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்தபோது எந்த நாடும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஏ.எல். படிப்பு இடப்பெயர்வில் நின்றுபோனது, கச்சேரியில் வேலை பார்க்கும் ஆசையும் அதோடு போனது. மிதிவெடி அகற்ற ஆள் எடுக்கிறார்கள், பெண்களையும் எடுக்கிறார்கள் என்று பக்கத்துவீட்டு அக்கா சொன்னார். கணவனைப் போரில் இழந்து, பிள்ளைகளோடு தனித்து நின்றவர் அவர். இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். பயிற்சி முடிய எங்களைக் கொண்டுபோய் இறக்கிய இடம் முகமாலை. அம்மா இறங்கவிடாத அதே மண்.

2000இல் ஆனையிறவு விழுந்த பிறகு கிளாலியிலிருந்து நாகர்கோவில்வரை போர்முனையாகக் கிடந்த நிலம் அது. முழங்காலில் இருந்து, முகக்கவசத்துக்குள் வேர்வை வழிய, ஒரு மீற்றர் அகலப் பாதையில் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி முன்னேறவேண்டும். மேலிருந்து குத்தக்கூடாது, பக்கவாட்டில்தான் நெருங்கவேண்டும். ஆமி வைத்த பி4 மிதிவெடி உள்ளங்கைக்குள் அடங்கும். அதில் உலோகம் மிகக் குறைவு என்பதால் கருவி லேசில் கத்தாது. இயக்கம் செய்த ஜொனி மரப்பெட்டி. மரம் உக்கி உதிர்ந்தாலும் உள்ளே வெடிமருந்து அப்படியே கிடக்கும். இரண்டு தரப்பும் தங்கள் தங்கள் நாட்டுக்காகப் புதைத்தவை. தோண்டி எடுப்பதற்கான சம்பளம் வருவது வேறு நாடுகளின் காசில். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும்.

துப்புரவாக்கிய காணியை ஒப்படைத்த ஒரு காலை, ஒரு ஐயா உறுதியைப் பொலித்தீன் பைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். வீடு இருந்த தடமே இல்லை. "பிள்ளை, கிணறு எங்க கிடக்கெண்டு காட்டு, மிச்சத்தை நான் பிடிச்சிடுவன்" என்றார். கட்டு இடிந்த கிணற்றடியில் நின்று, அடுப்படி, மாட்டுக்கொட்டில், பெரிய மாமரம் என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். எல்லாம் வெறும் பற்றை. ஆனால் அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்த வளவு முழுக்கத் தெரிந்தது.

சுதந்திர தினத்தில் கொடி ஏறும்போது இன்றும் எனக்குள் ஒன்றும் அசைவதில்லை. காணாமல் ஆக்கப்பட்ட அண்ணாவுக்கு இந்த அரசு பதில் சொல்லவில்லை. ஆனால் ஆமியின் மிதிவெடி அகற்றும் பிரிவில் ஒரு பெடியன் கால் இழந்தான் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆமிக்காரன் ஒருவனுக்காக அழுவேன் என்று 2009இல் யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

2017 டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூனுக்குள் மிதிவெடி எல்லாம் எடுத்தாகவேண்டும். எங்கள் பங்கை நாங்கள் முழங்காலில் இருந்து செய்கிறோம். வடக்கில் சனங்களின் காணிகளில் இன்னும் நிற்கிற ஆமி முகாம் வேலிகளை எடுக்க முழங்காலும் வேண்டாம், முகக்கவசமும் வேண்டாம். அரசு ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.