கடலைத் தாண்ட ஒன்றரை மணி, கதவைத் தாண்ட?

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் பிரெக்ஸிட்டும் டோவர் துறைமுக வரிசையும்தான். பக்கம் முழுவதும் அதற்கே.

கும்பகோணம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. எல்லையில் இன்னும் ஏன் தாமதம்?

ஓட்டுப் போட்டது 2016 ஜூன் 23. வெளியே வந்தது 2020 ஜனவரி 31. பயண விதிகள் மாறியது 2021 புத்தாண்டில். ஐரோப்பிய எல்லையில் கணினி விரல் ரேகை கேட்க ஆரம்பித்தது 2025 அக்டோபர் 12. பிரெக்ஸிட் ஒரே நாளில் நடந்து முடியவில்லை ஐயா, தவணையில் வந்துகொண்டிருக்கிறது.

மதுரை, கல்லூரி மாணவி: முன்பெல்லாம் பாஸ்போர்ட் காட்டாமலே பிரான்ஸுக்குப் போனார்களா?

இல்லை. ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஷெங்கன் ஏற்பாட்டில் பிரிட்டன் ஒருநாளும் சேரவில்லை. பாஸ்போர்ட்டை அன்றும் காட்டினார்கள், இன்றும் காட்டுகிறார்கள். மாறியது கேள்வி.

அன்று: இது நீங்கள்தானா? இன்று: நீங்கள்தானா, எங்கே தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள், இந்த ஆறு மாதத்தில் ஏற்கெனவே எத்தனை நாள் இருந்தீர்கள்? சில வினாடி வேலை நிமிடக் கணக்குக்குப் போய்விட்டது. சாலையில் நிற்பது அந்த நிமிடம்தான்.

திருப்பூர், ஏற்றுமதியாளர்: இரண்டு நிமிடம் கூடினால் என்ன குடிமுழுகிவிடும்?

டோவர் இருக்கும் கென்ட் மாவட்டம் முழுகும். 2018இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். டோவரில் வண்டிக்கு இரண்டு நிமிடம் கூடினால் நெரிசல் 29 மைல் வரை நீளும் என்று விடை வந்தது.

நீங்களே பெருக்கிப் பாருங்கள். பரபரப்பான நாளில் 10,000 லாரிகள் வரை கடக்கும் வழி அது. ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் 20,000 நிமிடம். கடவுள் ஒரு நாளுக்குக் கொடுத்திருப்பது 1,440.

சென்னை, பெரம்பூர்: கவுண்டர்களைக் கூட்ட வேண்டியதுதானே?

எங்கே? டோவருக்கு முன்னால் கடல், முதுகில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. படத்துக்கு அழகு, பார்க்கிங்குக்கு ஆகாது.

காரைக்குடி: இங்கிலாந்து மண்ணில் பிரெஞ்சு போலீஸ் உட்கார்ந்திருக்கிறதாமே! யார் விட்டார்கள்?

இங்கிலாந்தேதான். 2003இல் பிரான்ஸின் லெ டூக்கே நகரில் கையெழுத்தான ஒப்பந்தம். டோவரில் பிரெஞ்சுக்காரர் சோதிப்பார், அக்கரைப் பிரெஞ்சுத் துறைமுகமான கலேயில் ஆங்கிலேயர் சோதிப்பார். ஆவணம் இல்லாதவர்களை அக்கரையிலேயே நிறுத்த பிரிட்டன் விரும்பியது. நிறுத்த இடம் கிடைத்தது.

அதன் மறுபக்கம் பிரெக்ஸிட்டுக்குப் பிறகு தெரிந்தது. கலேயில் நடந்திருக்க வேண்டிய பிரெஞ்சுச் சோதனை டோவரில் நடக்கிறது. ஆகவே ஐரோப்பாவுக்குள் நுழைகிற வரிசையும் இங்கிலாந்தின் சாலையிலேயே நிற்கிறது.

கோயம்புத்தூர், பேருந்து உரிமையாளர்: 2023இல் பஸ் பயணிகள் 14 மணி நேரம் நின்றார்களாமே, உண்மையா?

உண்மை. ஏப்ரல் தொடக்கம், ஈஸ்டர் விடுமுறை. இரவு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸிலேயே தூங்கினார்கள். காரில் நாலு பேர் என்றால் நாலு முத்திரை. பஸ்ஸில் ஐம்பது பேர் என்றால் எல்லோரும் இறங்கி, ஒருவர் பின் ஒருவராக ஐம்பது முத்திரை. உங்களுக்கு நான் டிக்கெட் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிரெக்ஸிட்டின் தீய விளைவாக இதைப் பார்ப்பது நியாயமில்லை என்றார் அன்றைய உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன். முத்திரை குத்தியது பிரெக்ஸிட் விதி. பிள்ளைகளிடம் நியாயம் பேசுவதற்கு முன் அதை ஒப்புக்கொண்டிருக்கலாம்.

அதே ஊர், அவரே: 2022 ஜூலையிலும் நடந்ததே?

அப்போது துறைமுகமே நெருக்கடி நிலை அறிவித்தது. பிரான்ஸ் ஆள் அனுப்பவில்லை என்றது பிரிட்டன். கடலடி ரயில் சுரங்கத்தில் இயந்திரக் கோளாறு, போலீஸார் வந்துசேரத் தாமதம் என்றது பிரான்ஸ். இருவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆள் குறைந்தால் எந்த எல்லையும் திணறும். ஆனால் வேலையே இரட்டிப்பான இடத்தில் ஆள் குறைந்தால் விக்கித்து நிற்கும்.

திருச்சி: இதையெல்லாம் முன்கூட்டியே யோசிக்கவில்லையா?

யோசித்த அழகைக் கேளுங்கள். 2018 நவம்பரில் டொமினிக் ராப் பேசினார். பிரெக்ஸிட்டுக்கென்றே போட்ட அமைச்சர். பிரிட்டனின் வணிகம் டோவர்–கலே வழியை இவ்வளவு நம்பியிருப்பது தனக்கு முழுதாகப் புரிந்திருக்கவில்லை என்றார். அதற்குள் ஓட்டெடுப்பு முடிந்து இரண்டு வருடம் தாண்டிவிட்டது. நாட்டின் வரைபடம் கைவசம் இல்லாதவரா மந்திரி?

விருதுநகர்: ஒத்திகையாவது பார்த்தார்களா?

பார்த்தார்கள், 2019 ஜனவரி 7 அன்று. மான்ஸ்டன் என்ற பழைய விமான நிலையத்தில் லாரிகளை நிறுத்தி, அங்கிருந்து டோவருக்கு ஓட்டிப் பார்த்தார்கள். போக்குவரத்து நெரிசலை அரசாங்கமே செலவு செய்து வரவழைக்கப் பார்த்த நாள் அது. வந்த லாரிகள் 89. பத்தாயிரத்துக்கு எண்பத்தொன்பதில் ஒத்திகை!

தூத்துக்குடி, துறைமுக ஊழியர்: கப்பலே இல்லாத கம்பெனிக்குக் கப்பல் காண்டிராக்ட் கொடுத்த கதை நிஜமா?

துறைமுகத்துக்காரர் கேட்கிறீர்கள், சுத்தமாகச் சொல்கிறேன். 2018 டிசம்பர். டோவர் நெரிந்தால் ராம்ஸ்கேட் துறைமுகம் வழியாகச் சரக்கு அனுப்பலாம் என்று போக்குவரத்து அமைச்சர் கிறிஸ் கிரெய்லிங்கின் துறை சீபோர்ன் ஃப்ரெய்ட் என்ற நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. காண்டிராக்ட் 1.38 கோடி பவுண்டு. கம்பெனியிடம் கப்பல் ஒன்றுகூட இல்லை.

2019 பிப்ரவரியில் ரத்து. கப்பல் ஓடாததால் அவர்களுக்குப் பணம் போகவில்லை. ஆனால் கப்பல் காண்டிராக்டுகளைக் கொடுத்த முறை சரியில்லை என்று கடலடிச் சுரங்க ரயிலை நடத்தும் யூரோடன்னல் வழக்குப் போட்டது. அரசு 3.3 கோடி பவுண்டு கொடுத்துச் சமாதானம் ஆனது. ஓடாத கப்பலுக்குச் செலவில்லை. ஓடிக்கொண்டிருந்த ரயிலுக்குத்தான் தண்டம்.

நாமக்கல், லாரி டிரைவர்: 2020 கிறிஸ்துமஸில் எங்கள் தொழில்காரர்கள் அங்கே ரோட்டில் கிடந்தார்களே, அதுவும் பிரெக்ஸிட்டா?

இல்லை தம்பி. அது கொரோனா. புதிய திரிபு பரவுகிறது என்று பிரான்ஸ் 48 மணி நேரம் எல்லையை மூடியது. ஆயிரக்கணக்கான லாரிகள் எம்.20 சாலையிலும் மான்ஸ்டனிலும் நின்றன. பழியை இடம் மாற்றிப் போடக் கூடாது.

ஆனால் அந்த நாலைந்து நாள் நாம் மறக்கக் கூடாதவை. கழிப்பறை இல்லை, சூடான சாப்பாடு இல்லை. போலந்திலும் ருமேனியாவிலும் பிள்ளைகள் அப்பாவுக்காகக் காத்திருந்தார்கள். சமைத்து எடுத்துப் போனவர்களில் கால்சா எய்ட் என்ற சீக்கியத் தொண்டு அமைப்பும் உண்டு. எல்லை மூடினால் முதலில் பசிப்பவன் ஸ்டியரிங் பிடித்தவன். அந்த வண்டிக்குள் ஓர் ஆள் இருப்பதை எந்தத் திட்டக் கோப்பும் எண்ணவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

சேலம்: சாண்ட்விச்சைக்கூடப் பிடுங்கினார்களாமே?

2021 ஜனவரி, நெதர்லாந்து. பிரிட்டனிலிருந்து வந்த டிரைவரிடம் ஹாம் வைத்த சாண்ட்விச்சை அதிகாரிகள் எடுத்துக்கொண்டதை டச்சுத் தொலைக்காட்சி காட்டியது. வெளிநாட்டு இறைச்சி உள்ளே வரக்கூடாது என்பது விதி. ரொட்டியையாவது விட்டுவிடுங்கள் என்று கேட்டார். அதுவும் போயிற்று.

லண்டன், ஈஸ்ட்ஹாம், ஓர் அக்கா: பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் மாதங்கள் இருந்தும் என்னை விமானத்தில் ஏற்றவில்லை. என்ன நியாயம்?

காலாவதித் தேதியைப் பார்த்தீர்கள் அக்கா, கொடுத்த தேதியைப் பார்க்கவில்லை. ஷெங்கனுக்குள் நுழையும் நாளில் பாஸ்போர்ட் கொடுத்துப் பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது. கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்ல வேண்டும்.

2018 செப்டம்பர் வரை பழைய பாஸ்போர்ட்டில் மிச்சமிருந்த மாதங்களை, ஒன்பது வரை, புதியதில் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தச் சலுகைதான் உங்களைக் கவிழ்த்தது. டிக்கெட் போடுமுன் முதல் பக்கத்தை இரண்டு முறை படியுங்கள்.

லண்டன், ஹாரோ, ஒரு தாத்தா: மகள் பாரிஸில். பேரப்பிள்ளையோடு ஆறு மாதம் இருக்க முடியாதா?

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் விசா இல்லாமல் எந்த 180 நாளிலும் 90 நாள்தான். 91ஆம் நாள் ஒளிவதற்கு வழியில்லை, கணினி எண்ணுகிறது. பக்கத்து நாட்டுக்குப் போய்ப் புதிதாக எண்ண ஆரம்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஷெங்கன் நாடுகள் 29க்கும் சேர்த்து ஒரே கணக்கு. அதற்கு மேல் இருக்க பிரெஞ்சு நீண்டகால விசா கேளுங்கள். பேரப்பிள்ளைக்காகக் காகிதம் நிரப்புவது கௌரவக் குறைவில்லை.

பாரிஸ், லா ஷப்பெல்: நாங்கள் பிரெஞ்சு பாஸ்போர்ட். லண்டன் கல்யாணத்துக்குப் போக எங்களுக்கும் தடை உண்டா?

தடை இல்லை, கட்டணம் உண்டு. 2021 அக்டோபரிலிருந்து அடையாள அட்டை மட்டும் காட்டிப் போக முடியாது, பாஸ்போர்ட் வேண்டும். 2025 ஏப்ரல் 2 முதல் முன்அனுமதியும் வேண்டும். அதன் விலை 10 பவுண்டு என்று ஆரம்பித்து ஒரே வாரத்தில் 16 ஆனது. மொய்க் கவருக்கு முன்னால் அரசாங்கத்துக்கு மொய்.

சென்னை, நங்கநல்லூர்: நான் இந்தியப் பாஸ்போர்ட்டில் பாரிஸ் சுற்றுலா போகிறேன். புதிய கணினிப் பதிவு எனக்கும் உண்டா?

உண்டு. ஒன்றியத்தையோ ஷெங்கன் நாடுகளையோ சேராத குறுகியகாலப் பயணிகளுக்கு உண்டு. ஆனால் விசா வாங்கும்போதே விரல் ரேகை கொடுத்துவிட்டீர்கள், மறுபடி பதியமாட்டார்கள். எல்லையில் முகப்படம் போதும். ஒருமுறையாவது இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வேலை கம்மி!

ஈரோடு: அந்தக் கணினி முறை பிரிட்டனைப் பழிவாங்க வந்ததுதானே?

இல்லை. அதற்கான சட்டம் 2017 நவம்பரில் வந்தது. அப்போது பிரிட்டன் ஒன்றியத்தின் உறுப்பினர். அமெரிக்கர், ஜப்பானியர், நாம் எல்லோரும் அதற்குள் அடக்கம். வீட்டைவிட்டு வெளியே போனால் வாசலில் மணி அடிக்க வேண்டும். அது பழி இல்லை.

புதுச்சேரி: இயந்திரம் வந்தால் வேகம் கூடுமே?

கூட வேண்டும். முதல்முறைதான் வில்லங்கம்: நாலு விரல், ஒரு முகப்படம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு விரல் வேண்டாம். பதிவு மூன்று வருடம் இருக்கும். அடுத்த முறை ஒத்துப்பார்த்தால் போதும். ஆனால் லிஸ்பன் விமான நிலையத்தில் வரிசை தாங்காமல் 2025 டிசம்பர் கடைசியில் இந்த முறையையே மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். வேகம் கொண்டுவர வந்த இயந்திரத்துக்கே ஓய்வு!

தஞ்சாவூர்: பழைய நீலநிறப் பாஸ்போர்ட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்களே, அதிலாவது சந்தோஷமா?

நிறம் திரும்பியது. அச்சடிக்கும் ஒப்பந்தம் பிரிட்டிஷ் கம்பெனியைத் தாண்டி ஐரோப்பியக் கம்பெனிக்குப் போனது. வெற்றுப் புத்தகம் தயாராவது போலந்தில். நீலத்தை ரசிக்க நிறைய நேரம் கொடுக்கிறது டோவர் வரிசை.

யாழ்ப்பாணம்: ஓட்டெடுப்பில் நம்மவர்களும் ஓட்டுப் போட்டார்களா?

போட்டார்கள். பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் குடிமக்களுக்கு உரிமை இருந்தது. இலங்கைப் பாஸ்போர்ட், இந்தியப் பாஸ்போர்ட் இரண்டும் செல்லும். இருபது வருடம் அங்கே வரி கட்டிய போலந்துக்காரருக்கு உரிமை இல்லை. யாருடைய வாழ்க்கை தலைகீழாகப் போகிறதோ அவரைக் கேட்காமலே எண்ணினார்கள். அந்த ஓட்டெடுப்பில் எனக்குப் பெரிய குறை இதுதான்.

திருநெல்வேலி: அயர்லாந்து எல்லையில் மட்டும் வரிசை இல்லையே, எப்படி?

சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, ஒரு சோதனைச் சாவடிகூட இல்லை. முப்பது வருட ரத்தத்துக்குப் பிறகு 1998இல் கிடைத்த சமாதானத்தைச் சாவடி கட்டிக் கெடுக்க யாருக்கும் துணிவில்லை. இரு நாட்டுக்காரரும் தாராளமாக வந்துபோகும் ஏற்பாடு 1920களிலிருந்தே உண்டு. சரக்குச் சோதனையைப் பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள கடலுக்குத் தள்ளினார்கள். 2023இல் விண்ட்சர் உடன்பாடு அதைக் கொஞ்சம் இலகுவாக்கியது. அங்கே மனிதனுக்கு எல்லை இல்லை, சாசேஜுக்கு உண்டு.

ராமேஸ்வரம்: ஸ்பெயினை ஒட்டிய பிரிட்டிஷ் ஜிப்ரால்டரில்?

2016இல் 96 சதவீதம் பேர் ஒன்றியத்திலேயே இருப்போம் என்றார்கள். எல்லை மூடினால் எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் படித்த செய்தி இல்லை. 1969இல் ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோ மூடிய கதவு 1985இல்தான் முழுசாகத் திறந்தது. கம்பிவேலிக்கு இருபுறமும் நின்று சொந்தக்காரர்கள் சத்தம் போட்டுப் பேசிய ஊர். தினமும் சுமார் 15,000 பேர் கடக்கிறார்கள். வேலியை எடுத்துவிட 2025 ஜூனில் அரசியல் உடன்பாடு வந்தது. நூறு சதவீதம் வரவேற்கிறேன்.

நாகர்கோவில்: பிரிட்டனுக்கு முன் யாரும் விலகியதில்லையா?

கிரீன்லாந்து, 1985. மீன்பிடி உரிமைக்காகப் போனார்கள். மக்கள் டென்மார்க் குடிமக்கள், அதனால் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களும்கூட. தீவு வெளியே, ஆட்கள் உள்ளே. கெட்டிக்காரர்கள்.

லண்டன், வெம்பிளி: ஆகஸ்ட் கடைசியில் லா ஷப்பெல் பிள்ளையார் தேருக்கு அம்மாவோடு பஸ்ஸில் போகிறோம். என்ன செய்ய?

வெள்ளி மாலையும் சனி காலையும் வேண்டாம். அம்மாவின் மருந்தும் தண்ணீரும் பஸ் வயிற்றில் போகக் கூடாது, மடியில் இருக்கட்டும். சோதனைக்கு இறங்கி நிற்க வேண்டிவரும், மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள். தங்கும் விலாசம் கையில் எழுதியிருக்கட்டும். பிள்ளையாரைத் தரிசிக்க ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

வேலூர்: பிரிட்டன் மறுபடி ஒன்றியத்தில் சேருமா?

விண்ணப்பம் போட்டால் பார்க்கலாம். முதலில் போட்டது 1961இல். 1963இல் பிரெஞ்சு அதிபர் டி கோல் முடியாது என்றார். 1967இல் மறுபடியும் முடியாது என்றார். உள்ளே விட்டது 1973 ஜனவரி 1 அன்று. பிரெஞ்சுக்காரர் வாசலில் பிரிட்டன் நின்றதிலேயே நீளமான கியூ அதுதான்: பதினோரு வருடத்துக்கு மேல்.