பனியில் பாயும் பொம்மை டிரக்

கேள்வி: அட்டையிலேயே 'வாட்டர்புரூஃப்' என்று போட்டிருக்கிறதே, ரிமோட் டிரக்கைப் பனியில் ஓட்டிவிட்டு வந்து எதற்காகத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும்?

பதில்: அந்த உத்தரவாதம் மின்னணுப் பாகங்களுக்கு, பேரிங்குகளுக்கு இல்லை! டிராக்சாஸ் ஸ்லாஷ் போன்ற வண்டிகளில் ரிசீவர் மட்டும் தண்ணீர் புகாத பெட்டிக்குள் சொகுசாக இருக்கிறது. பேரிங்குக்குள் நுழைந்த ஈரம் துருவாகிவிடும். கனடாவில் பனி உருகச் சாலையில் தூவும் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஓட்டி முடித்ததும் நன்றாக உலர்த்தி, பேரிங்குக்கு எண்ணெய் விட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஆழமான பனியில் மோட்டார் கொதிக்கும். சுமை கூடினால் மின்னோட்டம் கூடும், சூடும் கூடும். சிறிய பினியன் பல்சக்கரம் மாட்டினால் தப்பிக்கலாம்.

லித்தியம் பாலிமர் பேட்டரியோ குளிரில் சீக்கிரமே சோர்ந்துவிடும். 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவே கூடாது. அறைச் சூட்டுக்கு வந்தபிறகு செருகுங்கள்.