பொறுமைக் கடலே, எங்கள் அரசே!

அரசே, உன் பொறுமையைப் பாடாமல் இருக்க முடியவில்லை. மக்களின் ஊட்டச்சத்தையும் பொது சுகாதாரத்தையும் உயர்த்துவது உன் முதன்மைக் கடமைகளுள் ஒன்று என்கிறது அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு. அதற்காக எவரும் உன்னைக் கோர்ட்டுக்கு இழுத்துவிடாதபடி 37ஆம் பிரிவு காவல் நிற்கிறது. விசேஷத்துக்குக்கூடக் கழுத்தில் ஏறாத நகைபோல், 1950 முதல் அந்தக் கடமையைத் தேயாமல் வைத்திருக்கிறாய்.

அதிகாரம் என்று வந்துவிட்டாலோ, உன் வேகத்தை என்னென்பது! 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குக் கொரோனா ஊரடங்கை அறிவித்தாய். நள்ளிரவில் நாடே அடைபட்டது. ஒரு கையில் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம்; மறு கையில், பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்காரன் 1897இல் போட்ட கொள்ளைநோய்ச் சட்டம். ஆள்பவர் என்னென்ன செய்யலாம் என்று சொன்ன அந்தச் சட்டம், நோயாளிக்கு என்ன செய்தாக வேண்டும் என்று ஒரு வரியும் சொல்லவில்லை. அதை இத்தனை காலம் போற்றிக் காத்த உன் நன்றி மறவாமை பெரிது! நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, கணக்கு இல்லை என்றாய். ஆகவே இழப்பீட்டுக் கேள்வியே எழவில்லை என்றாய். பிணத்தை எண்ணவும் மனம் வராத இளகிய நெஞ்சம் உனக்கு!

உன் பெருந்தன்மையும் குறைந்ததா? அரசியலமைப்பின் அதிகாரப் பங்கீட்டில் மருத்துவமனை மாநிலப் பட்டியலில். மாநிலம் தாண்டிப் பரவும் தொற்றைத் தடுப்பது பொதுப் பட்டியலில். துறைமுகத் தனிமைப்படுத்தல் மத்தியப் பட்டியலில். பொறுப்பு என்று வந்தால் மாநிலத்துக்கு டெல்லி விட்டுக்கொடுக்கும், டெல்லிக்கு மாநிலம் விட்டுக்கொடுக்கும்.

உன் உறுதிக்கும் ஒரு சான்று உண்டு. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார் ஒரு விவசாயத் தொழிலாளி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை; கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகளில் படுக்கை இல்லை. ரத்தம் வடிய ஒவ்வொரு வாசலாகக் காட்டி, கடைசியில் தனியாரிடம் சுமார் 17,000 ரூபாய் செலவழிக்கும் வாய்ப்பையும் தந்தாய். உயிர்காக்கும் சிகிச்சையை மறுப்பது 21ஆம் பிரிவின் வாழ்வுரிமையை மீறுவது, பணமில்லை என்பது சாக்காகாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 25,000 ரூபாய் இழப்பீடும் விதித்தது. இன்றும் 'பெட் இல்லை, வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க' என்ற குரல் கேட்கிறது. தீர்ப்புக்கும் அசையாத உறுதி வேறு யாருக்கு வரும்?

ஊரை அடைக்க உனக்கு நான்கு மணி நேரம் போதும். அந்த வேகம் ஒரு படுக்கை தருவதிலும் வந்துவிட்டால், உன்னை இப்படிப் புகழ எங்களுக்கு வேலையிருக்காது.