யோசேப்புன்னா சும்மாவா, மருமவனே?

ஏல மருமவனே, அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வையி. பிள்ளை இன்னும் வயித்துக்குள்ள கிடக்கு. அதுக்குள்ள ‘பைபிள்ல வர்ற பேரா, நல்ல அர்த்தமா ஒண்ணு சொல்லுங்க’ன்னு கொச்சி கலூர் முழுக்கக் கேட்டு முடிச்சிட்டியாமே! செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு நவநாள் கும்பிட வந்த சனத்தையும் நீ விடலைன்னு கேள்வி.

கடைசியில யோசேப்பு பிடிச்சுப்போச்சாக்கும். ‘பெருக்கம், செல்வம்’னு போன் சொல்லுதாக்கும். போனா லே அவனைப் பெத்த ராகேலுக்குப் பிரசவம் பார்த்துச்சு? ஆதியாகமம் 29, 30-ஆம் அதிகாரத்தைப் படி. அங்க பேரெல்லாம் அகராதியில இருந்து வரலை, அக்கா தங்கச்சி சண்டையில இருந்து வந்தது. ஒரே மாப்பிள்ளை யாக்கோபு. அவனுக்கு லேயாள் ஒரு பக்கம், ராகேல் ஒரு பக்கம். மூத்தவ முதப் பிள்ளையைப் பெத்ததும் ‘பாருங்க, மகன்!’னு சொல்லிக் காட்டுன பேருதான் ரூபன். இளையவளுக்குப் பிள்ளை தங்கலை. வேலைக்காரி வழியா வந்த பிள்ளைக்கு நப்தலின்னு வச்சா. ‘அக்காளோட மல்லுக்கட்டி ஜெயிச்சேன்’னு அதுக்குக் காரணம் சொன்னா. அந்தப் பயலை ஒவ்வொரு தரம் சாப்பிடக் கூப்பிடும்போதும் லேயாளுக்குக் காது எரிஞ்சிருக்கும்ல?

அப்புறம் ராகேலே ஒண்ணைப் பெத்தா. எத்தனை வருசத் தவம்! நாமளா இருந்தா ‘சாமி, இது போதும்’போம். அவ ‘கர்த்தர் இன்னொண்ணும் கூட்டித் தரட்டும்’னா. எபிரேயத்துல யோசேப்புன்னா அதான்: ‘அவர் கூட்டுவார்’. பிள்ளைக்குத் தொப்புள்கொடி காயலை, அதுக்குள்ள அடுத்த மனுவை எழுதிட்டா மகராசி.

அந்தப் பேரு இந்தக் கொச்சியில எம்புட்டு பழசு தெரியுமா? பஸ் ஏறி மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்குப் போ. சனிக்கிழமை போயிராத, பூட்டிக் கிடக்கும். 1568-ல கட்டுன பரதேசி ஜெபஆலயம் அங்க இருக்கு. அந்த ஆலயத்து யூதங்க வச்சுக் காத்ததுதான் பாஸ்கர ரவிவர்மன் ராசா குடுத்த செப்பேடு. சுமார் ஆயிரம் வருசத்துக்கு முந்தி, வட்டெழுத்துல வெட்டுனது. யோசேப்பு ரப்பான்கிற யூதத் தலைவருக்குப் பல்லக்கு, குடை, பகல்விளக்கு, நடைபாவாடை, தோரணம்னு 72 உரிமை. அதுல அவரு பேரு இசுப்பு இரப்பான். ரப்பான்னா அவுக மொழியில ஆசான், தலைவன். நம்ம காதுக்கோ இரப்பான்னா கைநீட்டிப் பிச்சை கேக்கவன்! பல்லக்குல போறவருக்கு அப்படியொரு பேரு. பிச்சைமுத்து பேத்தியைக் கட்டுன உனக்கு இது விளங்கணுமே. இப்போ அதே பேரு நம்ம அண்டை வீட்டுல ஔசேப்பு, பள்ளிவாசல் பக்கம் யூசுப்பு.

ராகேல் கேட்டது கிடைச்சுது. ஆனா அந்த ரெண்டாவது பிரசவத்துல அவ போய்ச் சேர்ந்துட்டா. சாகும்போது வச்ச பேரு பெனோனி, ‘என் துக்கத்தின் மகன்’. அப்பன்காரன் அதை மாத்தி ‘வலக்கையின் மகன்’னு பென்யமீன் ஆக்குனான். இதை உன் பொண்டாட்டி காதுல போட்டுறாத, மாசமா இருக்கிற பொண்ணு. நான் சொல்ல வந்தது வேற: பேரு வைக்கிற ராஜ்ஜியமெல்லாம் அங்க அந்த ரெண்டு பொம்பளைங்க கையில. யாக்கோபு வாயைத் திறந்ததே அந்த ஒரு தடவைதான். நீ அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அவ ‘ஒண்ணே போதும்’னா, வாசல்ல நின்னு ‘இன்னொண்ணு, இன்னொண்ணு’ன்னு கூவுற மாதிரி ஒரு பேரை எப்படி லே வைப்ப?

இன்னொரு சங்கதி. லேயாளுக்கு ஆறு ஆம்பளப் பிள்ளைக்குப் பிறகு ஒரு மக பிறந்தா, பேரு தீனாள். அண்ணன்மாரு அத்தனை பேருக்கும் காரணம் எழுதுன வேதம், அவளுக்கு ஏன் அந்தப் பேருன்னு ஒரு வரி எழுதலை. நம்ம ஊருல மட்டும் என்ன வாழுது? அடுத்தடுத்து பொட்டப்பிள்ளையாப் பிறந்தா அப்பன்காரன் போதும்பொண்ணுன்னு வச்சுட்டு வாய்க்காலுக்குக் குளிக்கப் போயிருவான்.

அது கிடக்கட்டும், உன் போனுல பொம்பளப் பிள்ளைக்கு என்ன பேரு பார்த்து வச்சிருக்க? காட்டு பார்ப்போம். ஏல, எங்க எந்திரிச்சு ஓடுத?