மங்கி குல்லா மாதங்கள்

காலிஃபிளவர் விதைப் பாக்கெட்டின் முதுகில் 'குளிர்காலத்தில் விதைக்கவும்' என்று போட்டிருந்தது. அச்சடித்தவர் மணிமங்கலம் பக்கம் வந்ததில்லை. எங்கள் ஊரில் மழை உண்டு, மழை விட்டால் பனி உண்டு. தை மாத விடியலில் 20 டிகிரிக்கு இறங்கிவிட்டால், ஷிப்ட் பஸ்சுக்கு நிற்கிற அத்தனை பேரும் மங்கி குல்லாவுக்குள் புகுந்து, யாரென்றே தெரியாமல் ஒருவருக்கொருவர் குட்மார்னிங் சொல்லிக்கொள்வோம். இதைக் குளிர்காலம் என்று நாங்கள் ஒப்புக்கொண்டாயிற்று. காலிஃபிளவர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் குவாலிட்டி டிபார்ட்மென்டில் எனக்கு வேலை. அடுத்தவர் செய்த பொருளில் நாள் முழுக்கக் குறை கண்டுபிடிக்கச் சம்பளம். அந்தத் திமிரில்தான் ஐப்பசியில் குழித்தட்டில் 24 விதை போட்டேன். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண், விதைத்த தேதி. "பார்கோடு ஒட்டலையா?" என்று கேட்டாள் மனைவி.

கார்த்திகை மழை நாலு நாள் விடாமல் பெய்தது. நாற்றழுகல் வந்தது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக இளைத்து, இலை வாடாமலே செடி படுத்துவிடும். நேற்று மாலை நின்றது, இன்று காலை சாஷ்டாங்கம். அப்படி 15 போயின. மிச்சம் ஒன்பதில் ஆறை நத்தை தின்றது.

சாதாரண நத்தை இல்லை, ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847-இல் பென்சன் என்ற வெள்ளைக்காரர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டார் என்பார்கள். அவர் வேறு ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொண்டிருக்கலாம். ஈரச் சாக்குக்கு அடியில் பப்பாளித் தழையை வைத்தால் ராத்திரியில் வந்து சேரும், விடிந்ததும் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடலாம் என்றார்கள். வைத்தேன். சாக்குக்கு அடியில் பப்பாளித் தழையைத் தின்றுவிட்டு, பக்கத்தில் என் நாற்றையும் தின்றுவிட்டு, அதே சாக்கில் தூங்கின. விருந்தும் விடுதியும் நானே நடத்தினேன்.

7-ஆம் நூற்றாண்டில் இந்த மணிமங்கலத்தில்தான் நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கியப் புலிகேசியை முறியடித்தான். ஓடுகிற புலிகேசியின் முதுகையே ஏடாக்கி வெற்றியை எழுதினான் என்கிற பாணியில் கூரம் செப்பேடு சொல்கிறது. என் குரோ பேக் ஒவ்வொன்றின் முதுகிலும் நத்தை வெள்ளிக்கோட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறது. யாருடைய வெற்றி என்று கல்வெட்டுத் துறை வந்து படிக்க வேண்டியதில்லை.

தப்பிப் பிழைத்த மூன்று காலிஃபிளவரும் முறம் அளவுக்கு இலை விட்டன. நடுவில் பூ, சட்டைப் பொத்தான் அளவு.

மொச்சை கதை வேறு. ஆடியில் விதைத்துப் பந்தலில் ஏற்றினேன். புரட்டாசி வரை கொடி, கொடி, கொடி. பூ மட்டும் இல்லை. பஞ்சகவ்யம் ஊற்றினேன். மீன் அமிலம் தெளித்தேன்; அன்றைக்குத் தெருப் பூனைகள் எல்லாம் எங்கள் வீட்டில் மாநாடு கூட்டின. பக்கத்து வீட்டு ஆயா மதில் மேல் கையூன்றிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"இன்னாத்துக்கு தம்பி அதுக்குப் போயி இவ்ளோ ஊத்துறே? பனி வந்தா அதுவா பூக்கும்."

நான் சிரித்தேன். மார்கழியில் பூத்தது. பிறகுதான் படித்தேன்: நாட்டு மொச்சை பகலின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற செடி. டிசம்பர் கடைசியில் நம் பகல், ஜூனைவிட ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் குறைவு. அந்தக் குறைவுதான் அதற்குச் சைரன். அதுவரை ஓவர்டைம் கொடுத்தாலும் வேலை செய்யாது. பனியோடு அசுவினியும் வந்தது. கொழுந்து முழுக்கக் கறுப்புப் பொட்டுகள், மேலே எறும்பு. அசுவினி கழிக்கிற தித்திப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. தான் ஒன்றும் செய்யாமல், செய்கிறவர்களைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்ததும் சூப்பர்வைசர் என்று கண்டுகொண்டேன். வேப்பெண்ணெய்க் கரைசலில் இருவரும் போனார்கள்.

உருப்பட்டது ஒன்றே ஒன்று. சமையல் கழிவு கொட்டுகிற குழியில் யாரும் விதைக்காமல் முளைத்த பூசணி. எண் கிடையாது, தேதி கிடையாது. மதில் ஏறி ஆயா வீட்டு ஓட்டு மேல் படர்ந்துவிட்டது.

பூசணியில் ஆண் பூ நிறைய, பெண் பூ அபூர்வம். விடியலில் விரியும், வெயில் ஏறினால் சுருங்கும். அதற்குள் வண்டு வராவிட்டால் ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவுக்குள் நாமே தேய்க்க வேண்டும். நைட் ஷிப்ட் முடிந்து நான் இறங்கும்போது மணி ஏழு. மார்கழியில் ஐந்தரைக்கே கோலம் முடிந்து, சாணி உருண்டைக்கு உருண்டை என் பூசணிப்பூ தெரு முழுக்கச் சிரிக்கும்.

ஆயாவிடம் போய்ப் பக்குவமாகச் சொன்னேன். காம்பு நீளமாக இருந்தால் ஆண், பறிக்கலாம். பூவுக்குக் கீழே குண்டுமணிக் காய் இருந்தால் பெண், தொடக் கூடாது.

"எனக்கு எழுபது வயசு, எனக்கே பாடமா? பிஞ்சு இருக்கற பூவ நான் தொட்டதே இல்ல" என்றது.

போகி அன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கி, எந்த வாசலில் என் பெண் பூ இருக்கிறது என்று ஆடிட் செய்துகொண்டே வந்தேன். ஆயா வாசலில் ஏழு, எல்லாம் ஆண். எதிர் வீட்டில் நாலு, ஆண். எங்கள் வீட்டு வாசலில் பெரிய தேர்க்கோலம். அதன் உச்சியில் சாணி உருண்டை, அதில் ஒரே ஒரு பூ. பூவுக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவில் பச்சைப் பிஞ்சு.

"இருக்கறதுலயே பெருசா இருந்துச்சு, அதான் பறிச்சேன்" என்றாள் மனைவி. "நல்லா இருக்கில்ல?"

நல்லா இருக்கு என்றேன்.