நேர்க்கம்பி

கேள்வி: கலியாண வீடியோக்களை வைக்க வீட்டில் ஒரு சேமிப்பு சேர்வர் வாங்கினேன். கணினியிலிருந்து 500 ஜிபி ஏறி முடிவதற்குள் பொம்பிளை மாப்பிள்ளைக்குப் பிள்ளையே பிறந்துவிடும் போலிருக்கிறது. வழி உண்டா? – ஒரு வாசகர், பெரியமடு

பதில்: தாராளமாக. முதலில் வைஃபையைக் கைபேசிகளுக்கு விட்டுக்கொடுங்கள். சாதாரண ஜிகாபிட் கம்பியே நொடிக்கு 110 மெகாபைட் அளவில் தள்ளும். 500 ஜிபிக்கு ஒன்றேகால் மணித்தியாலம். இரு பக்கமும் 2.5 ஜிகாபிட் அட்டை போட்டால் 280 வரை போகும். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்: ஒற்றை ஹார்ட் டிஸ்க் 200 சொச்சத்திலேயே மூச்சு வாங்கும். 10 ஜிகாபிட் எல்லாம் எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு.

ஸ்விட்ச் தேவையில்லை. கணினியையும் சேர்வரையும் ஒரே கம்பியால் நேரே இணையுங்கள். ஐபி முகவரியாகக் கணினிக்கு 10.10.10.1, சேர்வருக்கு 10.10.10.2, சப்நெட் மாஸ்க்காக இரண்டுக்கும் 255.255.255.0 கொடுங்கள். கேட்வே கட்டத்தை வெறுமையாக விடுங்கள். அதை நிரப்பினால் இணையம் தடுமாறும். பிறகு ஃபோல்டரை சேர்வரின் இந்தப் புது முகவரியால் திறக்க வேண்டும். பழைய பெயரால் திறந்தால் கோப்புகள் பழைய பாதையிலேயே ஊர்ந்து போகக்கூடும்.

கம்பி கேட் 5இ போதும், ஆனால் அசல் செம்பாக இருக்கட்டும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம், கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். முற்றத்தைக் கடந்து ஸ்டூடியோவுக்கு இழுப்பதானால் ஃபைபரே போடுங்கள். ஐப்பசி இடி செம்புக் கம்பி வழியாக வந்தால் அட்டையும் போகும், அடுத்தவர் கலியாணமும் போகும்.