ஆறு பேர்ச்சுக்குக் குறையாத மகள்மார்

நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும், மாநகர சபைக்கும், பக்கத்துப் பிரதேச சபைகளுக்கும், கமநல அபிவிருத்தி, கரையோரம் பேணல் ஆகிய திணைக்களங்களுக்கும், பெயர் விடுபட்ட கந்தோர் ஏதும் இருந்தால் அதற்கும்.

உங்கள் மேசைகளில் உறங்கும் கோப்புகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

காணியைப் பிரித்தால் ஒரு துண்டு 150 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அகலம் 6 மீட்டர் இருக்க வேண்டும் என்று 1986 மார்ச் 10ஆம் திகதி வர்த்தமானியில் போட்டீர்கள். எங்கள் கணக்கில் அது 6 பேர்ச். நல்ல விதிதான். எங்கள் உம்மம்மாமாரைக் கலந்துகொள்ளாமல் போட்டதுதான் குறை. இந்தக் கல்முனைக் கரையில் மகளுக்கு ஒரு வீட்டைக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது. 40 பேர்ச் வளவு நான்கு மகள்மாருக்குத் தலா 10 ஆனது. அதில் ஒருத்திக்கு மூன்று பெண் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விதிப்படி மூன்றாமவள் பிறந்திருக்கவே கூடாது. சரியாகப் பார்த்தால் இரண்டாமவளுக்கும் அனுமதியில்லை.

ஆனாலும் பிறந்துவிட்டார்கள். ஆகவே நொத்தாரிசு ஐயா உறுதியில் ‘பிரிக்கப்படாத மூன்றில் ஒரு பங்கு’ என்று எழுதுகிறார். மறுவாரம் மேசன் வந்து, பிரிக்கப்படாத அந்தக் காணியில் எட்டடி மதில் எழுப்புகிறார். உங்கள் பதிவேட்டில் ஒரே காணி, ஒரே குடும்பம், பூரண ஒற்றுமை. வங்கிக்குக் கடன் கேட்டுப் போகும்போதுதான் அந்த ஒற்றுமையின் விலை தெரிகிறது. மதிலுக்கும் மதிலுக்கும் நடுவில் மிஞ்சுவது ஒழுங்கை. ஜனாசா வரும் நாளில் சந்தூக்கின் முன்காலைப் பிடித்தவர் ஒருக்களித்து, தோளை மதிலில் தேய்த்துக்கொண்டுதான் திரும்ப வேண்டும். ஓரமாக நின்று ஒரு துஆ ஓதக்கூட அங்கே ஓரம் கிடையாது.

ஊருக்கு வெளியே போகலாமே என்பீர்கள். கிழக்கே போனால் கடல். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டாதே என்றீர்கள். நெருக்கமாகக் குடியிருந்த இடமே அதுதான். பிறகு அந்த அளவு நாடாவை நீங்களே சுருக்கிக்கொண்டீர்கள். மருதமுனையில் ஒரு வீட்டுத் திட்டத்துக்கு ‘65 மீட்டர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. தூரத்தையே முகவரியாக வைத்துக்கொண்டு வாழ்பவர்கள் நாங்கள்.

மேற்கே போனால் வட்டை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வயலை நிரப்புவது குற்றம். நீண்ட விடுமுறை வந்தால் டிப்பர்களுக்குப் பெருநாள்! வெள்ளியன்று வரம்பும் கொக்கும் இருந்த இடத்தில் திங்களன்று கிறவல் மேடு, தலையில் சிவப்புப் பெயின்ட் பூசிய கொங்கிறீட் கட்டைகள், ‘காணித் துண்டுகள் விற்பனைக்கு’ என்றொரு பலகை. பிரிக்கும் காணி ஒரு ஹெக்டேயருக்கு மேல் போனால் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும் என்பதும் உங்கள் விதியே. எங்கள் காணி வியாபாரிகள் கணக்கில் புலிகள். இரண்டு ஏக்கரோடு நிறுத்தி மூச்சு வாங்கி, அடுத்த இரண்டு ஏக்கரைப் புதிதாகத் தொடங்கத் தெரியாதவர்களா? பொதுத் தேவை என்பது மாரியில் வெள்ளமாகத் தானாக வந்து முற்றத்தில் நிற்கிறது, முழங்கால் அளவுக்கு.

முறைப்பாடு செய்யப் போனால், வயல் என்றால் கமநலம், வீதி என்றால் சபை, வரைபடம் என்றால் அதிகார சபை. வாய்க்காலுக்கு அப்பால் வேறொரு பிரதேச சபை. தண்ணீருக்கு மட்டும் எல்லை காட்ட எவரும் இல்லை.

துண்டு போடுவதில் எங்களுக்கு இத்தனை கட்டுப்பாடு. ஊரையே துண்டு போடுவதற்கு ஆகக் குறைந்த அளவு எத்தனை பேர்ச், ஐயா? 2019 ஜூனில் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். எதிர்த்தும் அமர்ந்தார்கள். 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வந்தது. வெடி கொளுத்திய புகை அடங்குமுன்னே அதை நிறுத்தி வைத்தார்கள். மேடைகளில் எங்கள் எல்லையை அங்குலம் அங்குலமாக அளந்தவர்களில் எவரும் வட்டைக்குள் ஒரு வடிகானுக்குக் கயிறு பிடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் கேட்பது பெரிதல்ல. வட்டையில் எது வயலாகவே இருக்கும், எது குடியிருப்பாகும் என்று ஒரே வரைபடத்தில் எல்லோரும் கையொப்பமிடுங்கள். குடியிருப்பாகும் பக்கத்தில் முதலில் வடிகானையும் வீதியையும் வெட்டிவிட்டுத் துண்டு போட விடுங்கள். ஊருக்குள் 3 பேர்ச்சில் சட்டப்படி மேலெழும்ப ஒரு வழி சொல்லுங்கள். மாடி கட்டினால் அக்காவும் தங்கையும் ஒரே படியில் ஏறிக்கொள்வார்கள், அது எங்கள் பாடு.

அடுத்த மாரிக்கு முன் பதில் அனுப்பினால் நல்லது. அதற்குப் பிறகு என்றால் தபால்காரருக்குத் தோணி தேவைப்படும், அதற்கும் ஒரு அனுமதிப் பத்திரம் இணைத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பிரிக்கப்படாத மூன்றில் ஒரு பங்கின் சொந்தக்காரியை மணந்தவன்,
கல்முனை.